வெற்று ஏட்டை முருகன் எப்படித் திருத்துவான்?

ஓம் சரவணபவ.
வேலும் மயிலும் துணை.



இந்தத் தை கிருத்திகைக்கு நான் எந்தக் கோயில் வரிசையிலும் நிற்கவில்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நம்ம குழுவில் தினமும் விடியற்காலையில் வேல் படம் போட்டு "அரோகரா" சொல்லுவானே ஒரு தம்பி, அவனோட வீடு. "சாமை அறுவடை முடிஞ்சிருச்சுண்ணா, அம்மா சாமைச் சோறு ஆக்கித் தரேன்னு சொல்றாங்க, வாங்க"ன்னு கூப்பிட்டிருந்தான். போளூரில் பஸ் ஏறி, வளைவு வளைவாக மலை ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

வாசலில் ஒரு சின்னக் கல் மேடை. அதில் ஒரு வேல். விளக்கேற்றிக் கும்பிட்டோம். சாப்பிட்டு முடித்து, குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணைக்கு வந்தோம். அப்போதுதான் தம்பி தன்னுடைய போனை என்னிடம் நீட்டினான். ஒரே எண்ணிலிருந்து ஒன்பது மிஸ்டு கால்.

"யாருடா?"

"எங்க புரொஃபசர்ணா. புராஜெக்ட் கைடு."

"ஏன் எடுக்கல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான். "ஒரு பக்கம்கூட எழுதலண்ணா. மூணு வாரமா காலேஜுக்கே போகல. வீட்டுல ஸ்டடி லீவுன்னு சொல்லி வச்சிருக்கேன். இனிமே போற மாதிரி இல்ல. பெங்களூர்ல ஒரு வேலை இருக்குன்னு சொல்றாங்க, போயிடலாம்னு பாக்குறேன்."

உள்ளே அவனோட அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்காகத்தான் அக்கா பத்தாவதோட நின்னுச்சு. ரெண்டு பேரையும் படிக்க வைக்க முடியலன்னு."

தம்பி தங்கைகளே, இந்தப் பதிவு அவனுக்காக மட்டும் இல்லை. குழுவில் எனக்குத் தனியாக வரும் மெசேஜ்களில் பாதி இதுதான். "அண்ணா, அரியர் கிளியர் ஆகணும்னு வேண்டிக்கோங்க." "அண்ணா, புக்கைத் திறந்தாலே நெஞ்சு படபடங்குது." "நாளைக்கு நாளைக்குன்னே ஒரு செமஸ்டர் போயிடுச்சு." நானும் வழக்கமாக "முருகன் பாத்துப்பான்"னு ஒரு வரி எழுதி, வேல் போட்டு அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அந்தத் திண்ணையில் அப்படி ஒரு வரியில் தப்பிக்க முடியவில்லை.

என் கதையை முதலில் சொல்கிறேன்

கடைசி வருஷத்தில் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதவேண்டும். அம்மாவிடம் "முடிச்சிட்டேன்மா"ன்னு சொல்லிவிட்டேன். உண்மையில் தலைப்புப் பக்கம் மட்டும்தான் இருந்தது. அதை மட்டும் நாலு விதமான எழுத்துருவில் அடித்துப் பார்த்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். 48 நாள் வேல்மாறல் பாராயணம் ஆரம்பித்தேன். ஒரு நாள் தவறவில்லை. முருகன் ஸ்டேட்டஸ் வீடியோ தினமும் ஒன்று எடிட் பண்ணினேன். "விரதம் முடியட்டும், அந்தத் தெம்புல உட்கார்ந்து ஒரே மூச்சா எழுதிடுவேன்"னு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 48 நாள் முடிந்தது. ரிப்போர்ட்டில் எத்தனை பக்கம்? பூஜ்யம். அந்த வருஷம் போச்சு. அடுத்த முறை தேர்வுக் கட்டணம் கட்ட அம்மா தோடு அடகுக் கடைக்குப் போச்சு.

பாராயணம் தப்பா? இல்லவே இல்லை. நான் முருகனைக் கும்பிட்டது உண்மை. ஆனால் அதே நேரத்தில் முருகனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டும் இருந்தேன். அதுவும் உண்மை. நம்ம பிள்ளைகளிடம் இந்த ஒளியிடம் நிறைய இருக்கிறது. "இன்னைக்கு அஷ்டமி." "சஷ்டியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்." "வர்ற கிருத்திகைக்கு புது நோட்டு போட்டுடலாம்." நல்ல நாள் வந்து, போய், அடுத்த நல்ல நாளும் வந்துவிடும். நோட்டு புதுசாகவே இருக்கும்.

சோம்பேறித்தனம் இல்லை, பயம்

"நான் சோம்பேறிண்ணா" என்றான் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையில் இருளில் எழுந்து, சாமைக் கதிர் அடிக்க உதவிவிட்டு, விறகும் கொண்டுவந்து போட்ட பையன் அவன். சோம்பேறிக்கு இது முடியுமா?

படிப்பைத் தள்ளிப்போடுவதைப் பற்றி உளவியல் அறிஞர்கள் பல வருஷமாக ஆராய்கிறார்கள். 2013-ல் ஃபூஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் என்ற இருவர் எழுதிய கட்டுரை ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் மட்டும் வருவதில்லை. அந்த வேலையை நினைத்தாலே ஒரு பயம், ஒரு வெட்கம், ஒரு சலிப்பு வருகிறது. அந்த உணர்ச்சியிலிருந்து இந்த நிமிஷம் தப்பிக்கத்தான் மனசு போனை எடுக்கிறது. அப்போதைக்கு நிம்மதி. மறுநாள் அதே வேலை, அதைவிடப் பெரிய பயம்.

இப்போது சூரபத்மனை நினைத்துப் பாருங்கள். எத்தனை வடிவம் எடுத்தான்! கடைசியில் கடல் நடுவே மாமரமாகவும் நின்றான். மாமரத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? நம்ம பயமும் அப்படித்தான். பயமாக நேரில் வராது. தூக்கமாக வரும், ரீல்ஸாக வரும், "அலமாரியை அடுக்கிட்டு உட்காரலாம்" என்று வரும். என் விஷயத்தில் விரதமாகவே வந்தது. முருகனின் வேல் நேராக அந்த மரத்தைப் பிளந்தது. உள்ளே இருப்பது என்ன என்று பார்த்தால்தான் பிளக்க முடியும்.

"உனக்கு என்னடா பயம்?" என்றேன்.

வெகுநேரம் கழித்துச் சொன்னான். "இங்கிலீஷ்ல எழுதணும்ணா. நான் எழுதினா சிரிப்பாங்க. போன தடவை ஒரு அசைன்மென்ட் முழுக்க சிவப்பு மை."

அவ்வளவுதான். மூன்று வாரமாக ஒரு பையனைக் கட்டிப்போட்டது கொஞ்சம் சிவப்பு மை.

சிவப்பு மைக்குப் பயப்படாத ஒருவர்

இந்த மலை மக்களிடம் ஒரு வழக்கு உண்டு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்வார்கள். அதனால் தம்பியிடம் காஞ்சிபுரத்துக் கதை ஒன்றையே சொன்னேன்.

காஞ்சி குமரகோட்டத்தில் பூஜை செய்தவர் கச்சியப்ப சிவாச்சாரியார். கந்தபுராணத்தைத் தமிழில் பாடியவர். முருகனே கனவில் வந்து பாடச் சொல்லி, முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. அவர் தினமும் 100 பாடல் எழுதுவார். இரவு அர்த்தசாம பூஜை முடிந்ததும் அந்த ஏடுகளைச் சன்னதியில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். காலையில் வந்து திறந்தால், முருகன் அதில் திருத்தம் செய்து வைத்திருப்பான்!

யோசித்துப் பாருங்கள். சாட்சாத் முருகனே வந்து முதல் சொல் கொடுத்த கவிஞர். அவருடைய ஏட்டிலும் தினமும் திருத்தம் விழுந்தது. அவர் வெட்கப்பட்டாரா? "திருத்தம் இல்லாமல் எழுத வந்தபிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று ஏட்டை மூடி வைத்தாரா? இல்லை. திருத்தியதை எடுத்துக்கொண்டு போய், அடுத்த 100 பாடலை எழுதினார்.

கந்தபுராணம் 10,345 பாடல். நாளுக்கு 100 என்றால் கணக்குப் போடுங்கள், 104 நாள். கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர்!

அதோடும் முடியவில்லை. அரங்கேற்றத்தின்போது முதல் சொல்லிலேயே ஒருவர் இலக்கணக் குற்றம் சொன்னார். முருகன் கொடுத்த சொல்லுக்கே ஆட்சேபம்! மறுநாள் முருகனே ஒரு புலவராக வந்து, வீரசோழியத்தில் அதற்கு விதி இருக்கிறது என்று காட்டினான் என்பார்கள். குற்றம் சொல்ல ஆள் எப்போதும் இருக்கும். துணைக்கு வர முருகனும் இருப்பான். ஆனால் இரண்டு பேருக்கும் முதலில் ஒரு ஏடு வேண்டும்.

தம்பியிடம் நான் கேட்ட கேள்வி இதுதான்: "கச்சியப்பர் ஒருநாள் எழுதாம வெறும் ஏட்டை உள்ளே வச்சிருந்தா, காலையில என்ன இருந்திருக்கும்?"

"வெறும் ஏடுதான் இருந்திருக்கும்."

எழுதாத பக்கத்தை முருகனாலும் திருத்த முடியாது. தப்பும் தவறுமாக எழுதிய பக்கத்தை முருகனும் திருத்தலாம், புரொஃபசரும் திருத்தலாம், நாளைக்கு நீயே திருத்தலாம். சிவப்பு மை என்பது அவமானம் இல்லை. சன்னதிக் கதவைத் திறந்தபோது கச்சியப்பருக்குக் கிடைத்ததுதான் அது.

சின்னதாகத் தொடங்கியவர்கள்

"அவர் பெரிய மகான்ணா" என்றான். சரி, இந்த மலையையே பார்ப்போம் என்றேன்.

இதே ஜவ்வாது மலையில் காவலூரில் விண்வெளி ஆய்வுக்கூடம் இருக்கிறது. இன்று அது வைணு பாப்பு பெயரில் இருக்கிறது. 1968-ல் அங்கே ஆராய்ச்சி தொடங்கியபோது இருந்தது 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று. இரண்டு கையையும் சேர்த்து வளைத்தால் அடங்கிவிடும் அகலம். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டது 1986 ஜனவரி 6-ல்தான். அதற்காகப் பாடுபட்ட வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். "பெரிய கண்ணாடி வரட்டும், அப்புறம் வானத்தைப் பார்க்கலாம்" என்று அவர்கள் 18 வருஷம் காத்திருக்கவில்லை. 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு தயாராக இருந்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட அந்த இரவில் காவலூருக்கும் பங்கு உண்டு. நட்சத்திரம் "நாளைக்கு வரேன்" என்று சொல்லாது.

அப்புறம் ஸ்ரீபதி. ஜவ்வாது மலையை ஒட்டிய புலியூரைச் சேர்ந்த மலையாளி பழங்குடிப் பெண். ஏலகிரியில் பள்ளிப்படிப்பு, அப்புறம் சட்டம். 2023-ல் உரிமையியல் நீதிபதி தேர்வு வந்தபோது அவருக்குப் பிரசவ நேரம். குழந்தை பிறந்து இரண்டு நாளில், சென்னைக்குக் காரில் போய்த் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில், 23 வயதில் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது முதலமைச்சர் முதல் எல்லாரும் வாழ்த்தினார்கள்.

இதைச் சொல்லி உங்களைக் குத்திக்காட்ட நான் வரவில்லை. அப்படி யாராவது செய்தால் எனக்கே பிடிக்காது. பிரசவமான உடம்போடு எல்லாரும் பரீட்சை எழுதணும் என்று யாரும் சொல்லக்கூடாது. நான் பார்ப்பது வேறு. அந்த இரண்டு நாளில் அவர் புதிதாக எதைப் படித்திருக்க முடியும்? முன்னாடியே, யாரும் பார்க்காத நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வைத்ததுதான் அன்றைக்கு அவரைத் தாங்கியது. வீட்டார் துணை நின்றார்கள். ஊர் வாழ்த்தியது கடைசி நாளில்தான். அதற்கு முந்தின சாதாரண நாட்களுக்கு யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.

இதையெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பியோட அம்மா ஒரு வார்த்தை சொன்னார். "உழவு போடாத நெலத்துல மழை பேஞ்சா ஓடிப் போயிரும் சாமி."

நான் இரண்டாயிரம் வார்த்தையில் சொல்ல வந்ததை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். அருள் மழை மாதிரி. அது பெய்யத்தான் செய்கிறது. நம்ம நிலம் கிளறியிருந்தால் உள்ளே இறங்கும்.

இன்றைக்கு ராத்திரி என்ன செய்வது?

பெரிய அட்டவணை எல்லாம் வேண்டாம். நான் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. விளக்கேற்றியதும் பத்து நிமிஷம் படிப்பு. "நாளைக்கு நிறையப் படிப்பேன்" என்பது சங்கல்பம் ஆகாது. "இன்னைக்கு ஏழு மணிக்கு, இந்த இடத்துல உட்கார்ந்து, மூணாவது பாடத்தில் முதல் கேள்வி" என்பதுதான் சங்கல்பம். எப்போது, எங்கே, எது. மூன்றும் வேண்டும்.

இரண்டு. அந்தப் பத்து நிமிஷம் போனை வேலின் காலடியில் வைத்துவிடுங்கள். "முருகா, நீ கொஞ்ச நேரம் பாத்துக்கோ." சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது. பத்து நிமிஷம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். பல நாள் நீங்களே எடுக்க மறந்துவிடுவீர்கள்.

மூன்று. மோசமாக எழுத அனுமதி உண்டு. தமிழில் தோன்றினால் தமிழில் எழுதுங்கள். பாதி வாக்கியமா, பரவாயில்லை. அன்றைய பக்கத்தைப் படுக்கும் முன் சாமி முன்னால் வையுங்கள். காலையில் எடுத்துத் திருத்துங்கள். இது கச்சியப்பர் வழி.

நான்கு. உங்கள் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம், தெரியும். நீளமான காரணம் வேண்டாம். "ஐயா, தாமதம் செய்துவிட்டேன். மன்னிக்கவும். ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அடுத்ததைத் தருகிறேன்." போதும். மறைப்பதற்குச் செலவாகும் சக்தியில் பாதி போதும், எழுதிவிடலாம்.

ஐந்து. ஒரு நாள் தவறினால் அடுத்த சஷ்டிக்குக் காத்திருக்காதீர்கள். மறுநாளே உட்காருங்கள்.

இந்த ஐந்தாவதுதான் உயிர். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பவன் திருந்துவான் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது வேறு. திட்டு கூடக் கூடப் பயம் கூடுகிறது. பயம் கூடினால் மறுபடி ஓட்டம்தான்.

சூரனையே அழிக்காமல் மயிலாகவும் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்ட சாமி நம்ம சாமி. எதிர்த்து நின்றவனுக்கே இடம் கொடுத்தவன், ஒரு செமஸ்டர் தூங்கிய உன்னைத் தள்ளிவிடுவானா? அவன் மன்னித்த பிறகும் நீ உன்னை மன்னிக்க மாட்டேன் என்றால், அது பக்தி இல்லை கண்ணு.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே வேண்டாம் போல இருக்கிறது என்றால், அது வெறும் தள்ளிப்போடுதல் இல்லை. அதற்கு டாக்டர் வேண்டும். டெலி மானஸ் 14416 என்ற அரசு உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். வைத்தியம் பார்ப்பது முருகன்மேல் நம்பிக்கைக் குறைவு ஆகாது. பழனியில் நவபாஷாணத்தில் முருகனை வடித்ததாகச் சொல்லப்படும் போகரும் ஒரு சித்த வைத்தியர்தான்.

திண்ணையில் நடந்தது

"என்ன புராஜெக்ட்டுன்னு சொல்லவே இல்லையேடா?" என்று கடைசியில்தான் கேட்டேன்.

"சாமைண்ணா. எங்க மலையில எப்படி விளையுதுன்னு."

எனக்குப் பேச்சே வரவில்லை. பிறந்ததிலிருந்து சாமைக் காட்டில் நடந்த பையன். சாமைச் சோறு தின்றுவிட்டு, சாமை மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, சாமையைப் பற்றி எழுதத் தெரியாது என்று காலேஜை விடப் போகிறான்!

"அம்மா, சாமை எப்போ விதைப்பீங்க?" என்று கேட்டேன். அம்மா சொல்ல ஆரம்பித்தார். எந்த மழைக்குப் பிறகு, எந்தச் சரிவில், களை எத்தனை தடவை, உரலில் எத்தனை குத்து. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நடுநடுவே திருத்தினாள். "எழுதுடா" என்றேன். தம்பி போனை வேலுக்கு முன்னால் வைத்துவிட்டு நோட்டை எடுத்தான். தமிழும் இங்கிலீஷும் கலந்து, அடித்து அடித்து, ஒரு பக்கம். பத்து நிமிஷம் என்று தொடங்கியது, எண்ணெய் தீர்ந்து விளக்கு மங்கும்வரை போனது.

இரவு அந்த நோட்டை வேலின் முன்னால் திறந்தபடியே வைத்தோம்.

காலையில் அதில் தெய்வத் திருத்தம் எதுவும் இல்லை. பனி பட்டு ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது. தம்பி அதை எடுத்து, ஒருமுறை படித்து, இரண்டு வரியை அவனே அடித்தான். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறினான். நானும் பின்னாடியே போனேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, மன்னிப்பு வரியோடு புரொஃபசருக்கு அனுப்பினான். கை நடுங்கியது, பார்த்தேன்.

நான் பஸ்ஸில் போளூர் வந்து இறங்கும்போது அவனிடமிருந்து மெசேஜ். புரொஃபசர் அனுப்பிய பதிலை அப்படியே போட்டிருந்தான். "நல்ல தொடக்கம். திங்கட்கிழமை நேரில் வா. திருத்தலாம்."

அவன் புராஜெக்ட்டை முடிப்பானா, எத்தனை மார்க் வரும், எனக்குத் தெரியாது. இன்னும் 30 பக்கம் இருக்கிறது. ஆனால் பெங்களூர் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

இதைப் படித்து முடித்ததும் "சூப்பர் பதிவு" என்று வேல் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகாதீர்கள். இதை ஃபார்வர்டு பண்ணுவதுகூட அப்புறம் இருக்கட்டும். மூன்று வாரமாக நீங்கள் திறக்காத அந்த நோட்டைத் திறங்கள். ஒரு வரி எழுதுங்கள். தப்பாகவே எழுதுங்கள்.

திருத்த அவன் இருக்கிறான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!